லோகா சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்

மாலை மணி நான்கு ஐம்பத்திரண்டுக்குச் செய்தி வந்தது. செரண்டாவில் நான் வேலை செய்யும் பட்டறையில், ஒரு லோரிக்கு அடியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். தெரியாத எண். வயதான மலாய்ப் பெண்மணி ஒருவரின் குரல். தஞ்சோங் காராங்கில் சாலையோரம் பிசாங் கோரேங், அதாவது வாழைப்பழம் பொரித்து, விற்பவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். "செம்பனைக் கன்று கொண்டுவரும் பெண்ணின் கணவர்தானே?" என்று மலாயில் கேட்டார். லோகாவின் பிக்அப் கதவில் அவள் எண்ணும் என் எண்ணும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதியிருக்கும். அதைப் பார்த்து அழைத்திருக்கிறார். ஆமாம் என்றேன். அவர் அழத் தொடங்கினார். நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எங்கே நிற்கிறது?" என்பது.

வண்டி நின்றுவிட்டது, அதற்குத்தான் இந்த அம்மாள் இப்படிப் பதறுகிறார் என்று நினைத்தேன். அவர் மறுபடியும் சொன்னார். எனக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஆனாலும் மூன்றாவது முறை சொன்ன பிறகுதான் புரிந்தது. அதன்பின் கையைக் கழுவினேன். டீசல் கறை போகும்வரை, சோப்புத்தூள் போட்டு, நகத்துக்குள் எல்லாம் தேய்த்துக் கழுவினேன். எவ்வளவு நேரம் கழுவினேன் என்று தெரியவில்லை. என்னோடு வேலை செய்யும் சிவாதான் குழாயை மூடி, என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனான்.

லோகேஸ்வரி என் மனைவி. உங்களில் பாதிப்பேருக்கு அவள் 'கன்னு லோகா'. பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்குக் கன்றுப் பண்ணை வைத்து, கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே சுங்கை பஞ்சாங் வரைக்கும் சிறுதோட்டக்காரர்களுக்குத் தானே வண்டி ஓட்டிப் போய்க் கன்று இறக்கியவள். வயது முப்பத்தொன்று. அவளுடைய பள்ளித் தோழிகள் இந்த நினைவு மலரைக் கொண்டுவருகிறார்கள். கணவன் என்ற முறையில் என்னை ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். ஒரு பக்கத்தில் முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரியத்தன்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. வண்டியில் சார்ஜ் இறங்கி, வழியில் நின்று, பின்னால் வந்த லோரி மோதியது என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. லோகாவின் சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "பேட்டரி லைட்டு எரியுது. தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சே ஓட்டியிருக்கா. கட்டுனவன் வண்டி வயரிங் வேல பாக்குறவன். அவன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? சொல்லு பேச்சு கேக்க மாட்டா லா அந்தப் புள்ள, சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்." இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. துக்க வீட்டில் ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. நான் நான்கடி தள்ளி நின்றிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

லோகா கேட்டாள். என்னிடம்தான் கேட்டாள். நான் சொன்ன பதிலின்படிதான் ஓட்டினாள். இதைச் சொல்வதற்குத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பட்டறைக்கு அவள் முதன்முதலில் வந்தது இதே பிக்அப்பில்தான். யாரோ ஓட்டிக் கழித்த டீசல் வண்டி, அப்போதுதான் வாங்கியிருந்தாள். முன்பக்கம் ஏதோ முனகுகிறது என்றாள். நான் இஞ்சினை ஓடவிட்டு, குனிந்து காது கொடுத்துவிட்டு, ஒன்றுமில்லை என்றேன்.

"நிக்கிறப்ப ஒண்ணுமில்லதான். ஓடுறப்பதான் முனகுது. ஏறுங்க, ஒரு ரவுண்டு போவோம்."

"இருக்கட்டும் மிஸ். இன்னும் ரெண்டு லோரி கெடக்கு எனக்கு."

"லோரி எங்கயும் ஓடிடாது லா. ரிப்பேராதானே கெடக்கு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு ஏறினேன். ரயில் நிலையம்வரை போய்த் திரும்பினோம். இடதுபக்கம் வளையும்போது மட்டும் முனகியது. வலது முன்சக்கரத்தில் பேரிங் தேய்ந்திருந்தது. இறங்கும்போது அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "வண்டி எங்கிட்ட சொல்லும். நான் ஒங்ககிட்ட சொல்றேன். நடுவுல நீங்க காத மூடிக்காதீங்க." ஒன்றரை வருடம் கழித்து எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அதன்பின் நாங்கள் சேர்ந்து எங்கே போனாலும் காரில் போனோம், நான்தான் ஓட்டினேன். அந்த பிக்அப்பில் அவள் பக்கத்தில் நான் மறுபடியும் உட்காரவே இல்லை. ஏன் அப்படி ஆனது என்று யோசித்துப் பார்த்தேன். காரணம் என்று ஒன்றும் கிடைக்கவில்லை.

அவள் வியாபாரம் செய்த விதம் உங்களுக்குத் தெரியும். மண்ணைப் பார்க்காமல் கன்று கொடுக்கமாட்டாள். சுங்கை பஞ்சாங்கில் ஒரு மலாய்ப் பெரியவர், பாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், நூறு கன்று கேட்டார். வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போனவள், அவருடைய நிலத்தில் தண்ணீர் தேங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு கன்றுகூட இறக்காமல் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். முதலில் வாய்க்கால் வெட்டுங்கள், பிறகு தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பாக்சிக் கோபமாக எனக்கு அழைத்தார். என் மனைவிக்கு வியாபாரம் செய்யத் தெரியவில்லை என்று என்னிடம் முறையிட்டார். அன்று சாயங்காலம் நான் அவளைக் கேட்டேன்.

"நூறு கன்ன ஏத்திக்கிட்டுப் போயி ஏத்திக்கிட்டே வந்திருக்க. டீசல் என்ன சும்மாவா வருது?"

"தண்ணியில நட்டு சாவ விடறதுக்கா நான் ஒரு வருசம் வளத்தேன்? அவரு ரெண்டு நாள் மொறைப்பாரு. அப்புறம் வெட்டுவாரு பாருங்க."

வெட்டினார். அதன்பின் அவள் அந்தப் பக்கம் போனால் சாப்பிடாமல் விடமாட்டார். தன் மகளைப் போல நடத்தினார்.

அவள் இறப்பதற்கு மூன்று மாதத்துக்கு முன்னால்தான் முதல்முறை சொன்னாள். அன்று ஞாயிற்றுக்கிழமை.

"ஏங்க, பேட்டரி லைட்டு வந்து வந்து போவுது."

"எப்ப வருது?"

"குழியில ஏறி எறங்குறப்ப. எல்லாக் குழியிலயும் இல்ல. வண்டியில கனம் இருந்தாதான்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இஞ்சின் ஓடும்போது மின்சாரம் செய்து பேட்டரியை நிரப்புவது ஆல்டர்னேட்டர் என்ற பாகம். அதிலிருந்து வரும் மின்சாரம் பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை என்றால், ஓட்டுபவர் முன்னால் அந்தச் சிவப்பு விளக்கு எரியும். அதன்பின் வண்டி பேட்டரியில் மிச்சமிருப்பதை வைத்துத்தான் ஓடும். இந்தக் காலத்து டீசல் வண்டிகளில் பேட்டரி தீர்ந்தால் இஞ்சினும் நின்றுவிடும்.

நான் இஞ்சினை ஓடவிட்டு, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தேன். பதினான்கு புள்ளி இரண்டு வோல்ட் காட்டியது. நல்ல எண். மீட்டரை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"பாரு. பதினாலு புள்ளி ரெண்டு. ஒண்ணுமில்ல."

"அது நிக்கிற வண்டிக்கு."

"நிக்கிற வண்டிக்கும் ஓடுற வண்டிக்கும் ஒரே ஆல்டர்னேட்டர்தான் லா."

"செரண்டாவுல ஊரு லோரிக்கெல்லாம் மணிக்கணக்கா வைத்தியம். ஊட்டு வண்டிக்குப் பத்து நிமிசம். நடத்துங்க டாக்டர், நடத்துங்க."

பட்டறைக்கு ஒரு லோரி இதே புகாரோடு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். எல்லா விளக்குகளையும் போட்டு, ஏர்கானையும் போட்டு, இஞ்சின் வேகத்தை ஏற்றி, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிவரை ஒவ்வொரு இணைப்பையும் கையால் அசைத்துக்கொண்டே அளக்க வேண்டும். நான் படித்தது அதைத்தான். பத்து வருடமாகச் செய்வதும் அதைத்தான். அன்று மதியம் ராவாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். கையில் அழுக்குப் படாமல் முடித்துக்கொண்டேன்.

அவள் இரண்டாவது முறை சொன்னபோது பேட்டரியை மாற்றினேன். பழையது எப்படியும் பழசாகிவிட்டது, இதோடு சரியாகிவிடும் என்றேன். எங்கள் தொழிலில் இதைப் பலரும் செய்வார்கள். விளக்கு எரிகிறதா, பேட்டரியை மாற்று. அப்படி மாற்றிவிட்டு வரும் வண்டிகளைப் பார்த்து நான் எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். அந்த வாரம் அவளுக்குப் பிறந்தநாளும் வந்தது. "மத்தவளுக்கெல்லாம் புருசன் தோடு வாங்கித் தர்றான். எனக்கு வந்தத பாருங்கடி" என்று புதிய பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு படம் எடுத்து அனுப்பினாள். உங்களில் சிலருக்கு அந்தப் படம் வந்திருக்கும்.

மூன்றாவது முறை சொன்னது இரவுச் சாப்பாட்டின்போது. "கண்ணாடி மெதுவா ஏறுதுங்க. வைப்பர் தூங்கி வழியுது. காலையில நல்லாதான் இருக்கு. சாயங்காலம் திரும்பி வர்றப்பதான் இப்படி." இதைவிடத் தெளிவாக ஒரு கோளாறை யாரும் சொல்ல முடியாது. காலையில் பேட்டரி நிறைந்திருக்கிறது, வழியெல்லாம் குறைந்துகொண்டே போகிறது, அதை நிரப்ப வேண்டியது ஒழுங்காக வந்து சேரவில்லை. இதை ஒரு தேர்வில் கேட்டிருந்தால் உடனே பதில் எழுதியிருப்பேன். நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன்.

"வர்ற புதன் லீவு போடுங்க. என்கூட சுங்கை பஞ்சாங் வாங்க. எந்தெந்த எடத்துல வருதுன்னு நானே காட்டறேன். பாக்சிக் ஊட்டுல சாப்பாடும் கெடைக்கும்."

"புதன் முடியாது லோகா. பஸ் ஒண்ணு நிக்குது, முதலாளி கத்துறாரு. அடுத்த மாசம் பாக்கலாம்."

"அடுத்த மாசமா? அதுவரைக்கும் வண்டிகிட்ட நான் என்ன சொல்லி வைக்க? டாக்டரு லீவுன்னா?"

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அந்த நாள் வந்தது. மூன்று முப்பத்தெட்டுக்கு அவளிடமிருந்து அழைப்பு. ஒரு நிமிடம் ஐம்பது விநாடி பேசினோம். இதுவரை இதை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. போலீஸ் கேட்டபோதுகூட, வண்டியில் விளக்கு எரிவதாகச் சொன்னாள் என்றேனே தவிர, நான் என்ன பதில் சொன்னேன் என்பதைச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

"ஏங்க, லைட்டு போவவே மாட்டேங்குது. முன்ன வந்து வந்து போவும். இப்ப நின்னு எரியுது."

"எங்க இருக்க?"

"பாக்சிக் ஊட்டு முன்னாடி. கன்னு எறக்கியாச்சு. பதினஞ்சு மிச்சம் இருக்கு, அது வேற ஒருத்தருக்கு. இஞ்சின் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"ஆஃப் பண்ணிடாத. பண்ணா திரும்ப எடுக்காது."

"பாக்சிக் இங்கயே விட்டுட்டுப் போங்கிறாரு. அவரு மருமகன் பக்கத்துலயே பட்டறை வச்சிருக்காராம். வந்து பாப்பாராம். என்னைய காருல கொண்டாந்து விடறேங்கிறாரு. நிறுத்தட்டுமா?"

"வேணாம், வேணாம். யாரும் கை வைக்க வேணாம். கண்டவனும் வயர நோண்டி வச்சிருவான். புது பேட்டரி, ரெண்டு மணி நேரம் தாராளமா தாங்கும். ஏர்கான், ரேடியோ எல்லாத்தையும் அடச்சிட்டு நேரா ஊட்டுக்கு வா. நான் பாக்குறேன்."

"ஓட்டிட்டு வந்துரலாங்கிறீங்க?"

"வந்துரலாம்."

"சரி டாக்டர்."

அவள் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். நிறுத்தட்டுமா என்று கேட்டாள். ஓட்டலாமா என்று மறுபடியும் கேட்டாள். இரண்டு முறை கேட்டாள். இரண்டுக்கும் நான் பதில் சொன்னேன்.

நான் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். பேட்டரி எவ்வளவு தாங்கும், விளக்கும் ஏர்கானும் இல்லாமல் வண்டி எவ்வளவு இழுக்கும், வீடு எவ்வளவு தூரம். கணக்குச் சரியாகத்தான் வந்தது. ஆனால் என் கணக்கில் இருந்தது நிறைந்த பேட்டரி. அவளிடம் இருந்தது காலையிலிருந்து நிரம்பாமல் வற்றிக்கொண்டே வந்த பேட்டரி. செரண்டாவில் அன்று வெயில். அங்கே வானம் எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கடல் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது என்று பாக்சிக் பின்னால் சொன்னார். மழை வந்தால் முன்விளக்கு போட வேண்டும், வைப்பர் போட வேண்டும், கண்ணாடியில் ஆவி படியாமல் காற்றாடி போட வேண்டும். இரண்டு மணி நேரம் என்பது அரை மணி நேரம் ஆகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. வேறொரு பட்டறைக்காரர் அந்த பானெட்டைத் திறப்பதை நான் விரும்பவில்லை. வயரிங் வேலைக்காரன் பெண்டாட்டியின் வண்டியில் சார்ஜ் ஏறவில்லை என்று ஒருவர் சிரிப்பார். அந்த ஒரு நிமிடம் ஐம்பது விநாடியில் இதுவும் என் மனதில் ஓடியது. பெரிதாக ஓடவில்லை. ஆனால் ஓடியது.

லோகாவின் பிக்அப்பைப் போலீஸ் வளாகத்தில் வைத்திருந்தார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. பின்பக்கம் முழுதும் நசுங்கியிருந்தது. முன்பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பானெட் வழக்கம்போலத் திறந்தது. ஆல்டர்னேட்டரின் பின்னால், தடித்த வயர் வந்து நட்டில் முடியும் இடத்தில், ஒரு ரப்பர் மூடி இருக்கும். விரலால் இழுத்தால் வந்துவிடும். இழுத்தேன். வயரின் நுனியில் இருந்த செம்பு வளையம் குறுக்கே உடைந்திருந்தது. சுற்றிலும் கரி. மூடியின் உட்புறம் உருகிப்போயிருந்தது. வண்டி நிற்கும்போது உடைந்த இரண்டு துண்டுகளும் ஒட்டிக்கொண்டிருக்கும், மீட்டர் நல்ல எண்ணைக் காட்டும். பாரத்தோடு குலுங்கினால் விலகும். நாள் போகப்போக, விலகினால் விலகியபடியே நின்றுவிடும். அவள் சொன்னது அத்தனையும் அதில் இருந்தது.

மூடியை இழுக்க எனக்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை.

அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். புதிய பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பேட்டரியையே விட்டிருந்தால் அது தாக்குப்பிடித்திருக்காது. ஏதாவது ஒரு காலையில் எங்கள் வீட்டு முன்னாலேயே வண்டி எடுக்காமல் போயிருக்கும். அவள் என்னைத் திட்டியிருப்பாள். நான் லீவு போட்டிருப்பேன். நான் வாங்கிக் கொடுத்த புதிய பேட்டரி, கோளாறை மறைத்து வைத்துக்கொண்டு, வண்டியை அவ்வளவு தூரம் கொண்டுபோய்விட்டது. காவலுக்கு இருந்த போலீஸ்காரர் வந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன் போலிருக்கிறது. போத்தலை வைத்துவிட்டுப் போனார்.

பிறகு எனக்குச் செய்தி சொன்ன அந்த மலாய் அம்மாளை, மக்சிக்கை, தேடிப் போனேன். கடையை மூடிவிட்டு, என்னை உட்காரவைத்துச் சொன்னார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிக்அப் வேகம் குறைந்து, உருண்டு வந்து, கடைக்குச் சற்றுத் தள்ளி ஓரத்தில் நின்றது. அந்த இடத்தில் ஓரம் மிகக் குறுகல், அடுத்து வாய்க்கால். அபாய விளக்கு இரண்டு முறை மினுக்கிவிட்டு அணைந்துபோனது. லோகா இறங்கி நேராகப் பின்பக்கம் ஓடினாள். நம் ஊரில் வண்டி வழியில் நின்றால், பின்னால் வருபவர்களுக்குத் தெரிவதற்காக மரக்கிளையை ஒடித்துச் சாலையில் போட்டுவைப்போம். அவளிடம் கன்றுகள் இருந்தன. ஒன்றை வண்டிக்குப் பின்னால் வைத்தாள். இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு இன்னும் தூரம் போனாள். உள்ளே வா, நனையாதே என்று மக்சிக் கத்தியிருக்கிறார். "செக்கெஜாப், மக்சிக்" என்றாளாம். ஒரு நிமிடம் என்று.

லோரி ஓட்டியவர் சாலையில் கன்றைக் கண்டுதான் பிரேக் போட்டார். ஈரத்தில் வழுக்கிவிட்டது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். அதன்பின் மக்சிக் சொன்னதை இங்கே எழுதவில்லை.

யாரும் சொல்லித்தராமலே, அந்த மழையில், செய்ய வேண்டியதைச் சரியான வரிசையில் செய்திருக்கிறாள். என்னை அழைத்துப் புலம்பிக்கொண்டு நிற்கவில்லை. முதலில் மற்றவர்கள் வந்து மோதாமல் இருக்க வழி செய்தாள். சித்தப்பா இதைப் படிக்க வேண்டும். அவள் சொல்லு பேச்சு கேட்காத பெண் இல்லை. அன்று ஒரு சொல்லைக் கேட்டாள். அது என் சொல்.

இதை எழுதுவதற்கு முன் மாமாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். லோகாவின் அப்பா தோட்டத்தில் முப்பது வருடம் டிராக்டர் ஓட்டியவர். லோகாவுக்கு ஸ்டேரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டர், பேட்டரி, ரப்பர் மூடி, கடைசி அழைப்பு. அவர் என் பக்கம் திரும்பவில்லை. தீவனம் தீர்ந்த பிறகும் டப்பாவுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"அவ கேட்டாளா? நிறுத்தட்டுமான்னு வாய் விட்டுக் கேட்டாளா?"

"கேட்டா மாமா. ரெண்டு தடவ."

அவர் டப்பாவைக் கீழே வைத்தார்.

"அப்ப அத எழுது. எம்மவ கேட்டான்னு எழுது. ஊரு முழுக்க அவளத்தான் பேசுது. தம்பிகிட்ட நான் வாயத் தொறக்க முடியல. எனக்கே தெரியலியே, அவ ஏன் ஓட்டுனான்னு."

"எழுதறேன் மாமா."

"ம். போ."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். அவர் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு இன்னும் நாங்கள் பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கருமக்கிரியை முடிந்த மறுவாரம், பண்ணையில் அவளோடு வேலை செய்த அக்காமார் வந்தார்கள். சொல்லிவைத்தவர்களுக்குக் கன்று போய்ச் சேர வேண்டும், லோகா வாக்குக் கொடுத்திருக்கிறாள் என்றார்கள். இரவல் பிக்அப் ஒன்றில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். அந்தப் பாதையில் முழுதாகப் போவது எனக்கு அதுதான் முதல்முறை. பாலத்தில் ஏறும் இடத்தில் தார் அமுங்கி, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. வாய்க்கால் ஓரமாகத் திரும்பும் வளைவில் இன்னொன்று. சாலை வேலை நடந்து அரைகுறையாக விட்ட இடத்தில், நீளமாக, பற்கள் மோதிக்கொள்ளும்படி. இங்கேதான் வந்திருக்கும், இங்கே வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே போனேன். எந்தெந்த இடம் என்று அவள் காட்டியிருப்பாள். நெல் வயல்களுக்கு நடுவே, கண்ணுக்கெட்டிய தூரம் நேராகப் போகும் சாலை அது. ஒரு முழுநாள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே போகலாம்.

பாக்சிக் வீட்டில் சமைத்து வைத்திருந்தார்கள். சாப்பிட்டேன். பிறகு அவருடைய மருமகனின் பட்டறையைக் காட்டினார். சின்ன இடம், நல்ல சுத்தம். கருவிகளைச் சுவரில் அளவு வாரியாக மாட்டி வைத்திருந்தார். மேசையில் பிரித்துப் போட்ட ஆல்டர்னேட்டர் ஒன்று கிடந்தது. ஒவ்வொரு இணைப்பிலும் துண்டுக் காகிதம் ஒட்டி, எந்த வயர் எங்கே என்று எழுதியிருந்தார். அவர் அந்த ரப்பர் மூடியை இழுத்துப் பார்த்திருப்பார்.

லோகாவின் பொருள்களை அவள் வீட்டாரிடம் கொடுத்துவிட்டேன். அந்தச் சாலையை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். மாதம் ஒரு புதன்கிழமை லீவு போட்டுக் கன்று கொண்டுபோகிறேன். எங்கே குலுங்கும், எங்கே தண்ணீர் நிற்கும், எந்த வீட்டில் நாய் அவிழ்த்து விட்டிருப்பார்கள் என்று இப்போது எனக்கும் தெரியும். அவளுக்குத் தெரிந்த அளவுக்குத் தெரிய இன்னும் பல வருடம் ஆகும்.

இந்த மலர் உங்கள் கைக்கு வந்ததும் நீங்கள் என்னை அழைப்பீர்கள். நல்ல மனிதர்கள் நீங்கள், சும்மா இருக்கமாட்டீர்கள். "ஒன் மேல தப்பு இல்ல தம்பி, அவ நேரம்" என்பீர்கள். அப்படிச் சொன்னால் அவள் கேட்டதும் நான் சொன்னதும் இல்லாமல் போய்விடும். ஏன் ஓட்டினாள் என்ற கேள்வி மறுபடியும் அவளிடமே போய் நிற்கும். அது வேண்டாம். கைப்பேசியை அணைத்துவிட்டேன்.